அண்டி (முந்திரிக்கொட்டை) வாங்க ஆப்பிரிக்கா போகிறவர்களுக்கு நாகர்கோவிலில் ஒரு பயண கிளினிக்: மலேரியா ஊசி கிடையாது, ஆனாலும் போகலாம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலேரியாவுக்கு ஊசி போட்டுக்கொண்டு வரலாம் என்று நினைத்து இந்த கிளினிக்குக்குப் போகாதீர்கள், வெளியூர் போகிற நம்மைப் போன்ற பெரியவர்களுக்கு அப்படி ஒரு ஊசி இங்கே மட்டுமல்ல, எங்கேயுமே கிடையாது. அதற்காகப் போய் ஏமாந்தவர்கள் கோபத்தில் போட்ட ஒற்றை ஸ்டார்கள்தான் இதன் மதிப்பெண்ணைக் கீழே இழுத்து வைத்திருக்கின்றன. அது நியாயமில்லை என்று பட்டதால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன். என் கணக்கில் ஐந்துக்கு நாலு. கிளினிக் பெயரை நான் எழுதவில்லை, டாக்டரே வேண்டாம் என்றுவிட்டார், இருக்கிற கூட்டமே போதுமாம். அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை) ஆட்கள் யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள்.

இது யாருக்கு உபயோகப்படும் என்றால், கருங்கல், புதுக்கடை, மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து பிப்ரவரி பிறந்ததும் ஐவரி கோஸ்ட், கானா, பெனின், கினியா பிசாவ் என்று கிளம்பும் எங்களைப் போன்றவர்களுக்கு. நம் மரத்தில் காய்க்கிற அண்டி இங்குள்ள ஆலைகளுக்கு எந்தக் காலத்திலும் போதாது, அங்கிருந்து கப்பலில் வந்தால்தான் இங்கே உடைக்க முடியும். அங்கே போய் மூட்டையில் கம்பி விட்டு மாதிரி எடுத்து, வெட்டிப் பார்த்தால் பருப்பு எவ்வளவு தேறும் என்று கட்டிங் பார்த்து, ஈரம் பார்த்து, வாங்கலாமா வேண்டாமா என்று முதலாளிக்குச் சொல்வது என் வேலை. ஐவரி கோஸ்ட்டின் வடக்கே கொரோகோ பக்கம் தங்கல். ஜூன் வரை சீசன் இழுக்கும், கடைசி மாதங்களில் மழையும் சேர்ந்துவிடும், மழை என்றால் கொசு. அங்கே மலேரியாவுக்குப் பெயர் ‘பாலு’, குடோனில் ஒருவர் வரவில்லை என்றால் காரணம் கேட்கவே வேண்டாம், பாலுதான்.

எங்கள் கூட்டத்தில் ஒரு மூத்த மேஸ்திரி உண்டு, அண்ணாச்சி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். “மக்கா, நான் பாக்காத மலேரியாவா? அது என் ரத்தத்துல பழகிப்போச்சு, இனி ஒண்ணும் செய்யாது” என்பார். தடுப்பு மாத்திரை தொட மாட்டார், வலை கட்ட மாட்டார். இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எங்களில் பாதிப்பேர் அதையே நம்பிக்கொண்டிருந்தோம், ஏனென்றால் கண்ணெதிரே அங்குள்ள மூட்டை தூக்கும் ஆட்கள் கொசுக்கடி பட்டுக்கொண்டே சும்மாதானே திரிகிறார்கள்? அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, நமக்கு மட்டும் ஏன் படுக்கை?

இந்தக் கேள்வியை டாக்டரிடம் அப்படியே கேட்டேன். அவர் கிழக்கு ஆப்பிரிக்காவில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர், வயது எழுபதுக்குப் பக்கம் இருக்கும். இதைக் கேட்டதும் மனுஷருக்கு முகமே மலர்ந்துவிட்டது, வெளியே காத்திருந்தவர்கள் என்னைத் திட்டியிருப்பார்கள். அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன்.

அங்கே திடமாகத் திரிகிற ஆளுக்கு அந்த எதிர்ப்பு சும்மா வந்ததல்ல. பிறந்ததிலிருந்து வருடா வருடம் கடிபட்டு, சின்ன வயதில் பலமுறை சாவின் வாசல்வரை போய்த் திரும்பி வந்தவர் அவர். திரும்பி வராதவர்கள் நம் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான். 2023இல் மட்டும் உலகத்தில் 5,97,000 பேர் மலேரியாவில் இறந்ததாக உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு, அதில் 95 சதவீதம் ஆப்பிரிக்காவில், அங்கே இறந்தவர்களில் நாலில் மூன்று பங்கு ஐந்து வயதுகூட நிரம்பாத பிள்ளைகள். குடோனில் சிரித்துக்கொண்டே மூட்டை தூக்குகிறவர் அந்த வடிகட்டலைத் தாண்டி வந்தவர். “தம்பி, அந்த எதிர்ப்பு வேணும்னா நீங்க அங்கேதான் பிறந்திருக்கணும், கூடவே அதிர்ஷ்டமும் வேணும்” என்றார் டாக்டர்.

அப்படித் தாண்டி வந்தவர்களுக்கும் அது முழுப் பாதுகாப்பு இல்லை. முதலில் உயிர் போகிற மாதிரியான மலேரியா வராமல் நிற்கிறது, பிறகு மெல்ல மெல்லக் காய்ச்சலும் குறைகிறது, ஆனால் கிருமி மட்டும் ரத்தத்தில் கொஞ்சமாவது ஓடிக்கொண்டே இருக்கும். ஏன் ஒரே தடவையில் பழகிவிடக் கூடாது என்று கேட்டேன். சின்னம்மை ஒருமுறை வந்தால் போதுமே? ஃபால்சிபாரம் என்கிற அந்தக் கிருமி, சிவப்பணுவின் மேல் தோலில் ஒரு புரதத்தை நீட்டி வைத்திருக்கிறது, அதை வைத்துத்தான் ரத்தக்குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. அந்தப் புரதத்துக்கு அதனிடம் சுமார் 60 மரபணு இருக்கிறது, ஒன்றை நம் உடம்பு அடையாளம் கண்டு அடிக்க ஆரம்பித்தால் சட்டை மாற்றுகிற மாதிரி அடுத்ததை எடுத்துப் போட்டுக்கொள்ளும். வேறு ஊர்க் கிருமியிடம் வேறு சட்டைகள். அத்தனையையும் பார்த்து முடிக்கத்தான் குழந்தைப் பருவம் முழுக்கப் போகிறது. அதிலும் பெண்களுக்கு ஒரு கொடுமை, அங்கேயே பிறந்து வளர்ந்து எதிர்ப்பு பெற்ற பெண்ணுக்கும் முதல் பிரசவத்தில் ஆபத்து திரும்ப வருகிறது, நஞ்சுக்கொடியில் ஒட்டிக்கொள்வதற்கென்றே கிருமி தனியாக ஒரு சட்டை வைத்திருக்கிறது, அதை அவள் உடம்பு அதுவரை பார்த்ததில்லை.

அண்ணாச்சி விஷயத்துக்கு வருகிறேன். இப்படிச் சேர்கிற எதிர்ப்பு, கடி நின்றால் இறங்க ஆரம்பித்துவிடும். ஆப்பிரிக்காவில் பிறந்து லண்டனில் போய்க் குடியிருப்பவர்கள் லீவுக்குச் சொந்த ஊர் போய்வந்து மலேரியாவில் படுப்பது அங்கே வழக்கமாக நடப்பது. பிரிட்டனுக்குள் வரும் மலேரியாவில் பெரும்பங்கு அப்படி ஊருக்குப் போய்த் திரும்பியவர்களுடையதுதான். பிறந்தவனுக்கே இந்தக் கதி என்றால், வருடத்தில் பாதிக்கு மேல் இங்கே ரப்பர் தோட்டத்து நிழலில் சாயா குடித்துக்கொண்டு, சீசனுக்கு மட்டும் போய்வருகிற அண்ணாச்சிக்கு என்ன பழக்கம் மிஞ்சும்? அவருக்கு இதுவரை வந்துபோனது சரியான நேரத்தில் கிடைத்த மாத்திரையால் போனது, எதிர்ப்பால் அல்ல. இதை நான் சொன்னால் அடிக்க வருவார், ஆகவே டாக்டரிடமே கூட்டிப்போனேன். இப்போது வலை கட்டுகிறார்.

நம் ரத்தத்தில் பிறவியிலேயே ஏதாவது பாதுகாப்பு இருக்குமா என்றும் கேட்டேன். இருக்கலாம், ஆனால் ஆசைப்படாதீர்கள் என்றார். சிவப்பணுவை அரிவாள் மாதிரி வளைக்கிற அரிவாள் செல் மரபணு ஒன்று மட்டும் இருந்தால் கடுமையான மலேரியா பெரும்பாலும் அண்டாது, 1954இல் ஆந்தனி ஆலிசன் என்ற ஆராய்ச்சியாளர் கிழக்கு ஆப்பிரிக்காவில் பார்த்துச் சொன்னது. அம்மாவிடமிருந்து ஒன்றும் அப்பாவிடமிருந்து ஒன்றுமாக இரண்டு சேர்ந்துவிட்டால் வாழ்நாள் முழுக்க நோய். இது ஆப்பிரிக்கச் சமாச்சாரம் மட்டுமல்ல, இந்தியாவில் இதை முதலில் கண்டது 1952இல் நம் நீலகிரிப் பழங்குடிகளிடம். மேற்கு ஆப்பிரிக்கர்களில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் சிவப்பணுவில் டஃபி என்ற ஒரு பிடிமானம் இல்லை, அதனால் சென்னையில் வருகிற வைவாக்ஸ் வகை மலேரியா அவர்களை அவ்வளவாகத் தொடுவதில்லை. நமக்கு அந்தப் பிடிமானம் இருக்கிறது. ஆக, நமக்கு ஃபால்சிபாரம், வைவாக்ஸ் இரண்டும் வரும்.

சரி, தடுப்பூசி. ஊசியே இல்லை என்று யாராவது சொன்னால் அதுவும் தப்பு. ஊசி இருக்கிறது, அதுவும் நம் நாட்டிலேயே செய்வது. கோவிஷீல்டு போட்டோமே, அதே ஆக்ஸ்போர்டு, அதே புனே சீரம் இன்ஸ்டிட்யூட். ஆர்21 என்று பெயர், 2023 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது, டோஸ் இரண்டிலிருந்து நாலு டாலர். 2024 ஜூலையில் அதை முதலில் போட ஆரம்பித்த நாடு எது தெரியுமா, நாங்கள் அண்டி வாங்கப் போகிற ஐவரி கோஸ்ட்டேதான். புனேயில் செய்து அங்கே அபிஜான் நகரத்தில் போடுகிறார்கள், நடுவில் நாகர்கோவில்காரனுக்குக் கிடையாது! எனக்கும் முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது.

ஆனால் அது யாருக்காகச் செய்தது என்று தெரிந்தபின் எரிச்சல் போய்விட்டது. ஐந்து மாதக் குழந்தையிலிருந்து மாதம் ஒன்றாக மூன்று, ஒரு வருடம் கழித்து நாலாவது. மழைக்காலத்துக்கு மட்டும் மலேரியா வருகிற ஊர்களில் சீசனுக்கு முன்னால் போட்டதில் முதல் வருடத்தில் 75 சதவீதம் வரை தடுத்தது. அதற்கு முன்பே வந்த ஆர்டிஎஸ்,எஸ் ஊசி 1987இல் உருவாக்க ஆரம்பித்தது, பரிந்துரை கிடைத்தது 2021 அக்டோபரில். பெரிய சோதனையில் நாலு டோஸ் போட்ட பிள்ளைகளிடம் தடுத்தது 36 சதவீதம்தான். கேட்டால் ப்பூ என்று இருக்கும். ஆனால் கானா, கென்யா, மலாவியில் 2019 முதல் போட்டுப் பார்த்ததில், ஊசிக்குரிய வயதுப் பிள்ளைகளின் மொத்தச் சாவே 13 சதவீதம் குறைந்தது. தினமும் கடிபடுகிற குழந்தைக்கு, அதன் சொந்த எதிர்ப்பு உருவாகும்வரை தாக்குப்பிடிக்க உதவுகிற ஊசி அது. நான் சீசனுக்குப் போய்வருகிற ஆள், எனக்கு வேண்டியது அதைவிட உறுதியான தடுப்பு, அது ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டால் கிடைக்கிறது, 90 சதவீதத்துக்கு மேல்.

இங்கே டாக்டர் சொன்ன ஒரு விஷயம்தான் எனக்குப் பெரிய ஆச்சரியம். இந்த ஊசிகள் அங்குள்ள பெரியவர்களிடம் இருக்கும் இயற்கை எதிர்ப்பைக் காப்பியடித்துச் செய்தவை அல்லவாம். கொசு கடிக்கும்போது உள்ளே விடுவது கொஞ்சம் கிருமிதான், அது ஒரு மணி நேரத்துக்குள் ஈரலில் போய் ஒளிந்துகொள்கிறது, உடம்பு அதைச் சரியாகப் பார்ப்பதற்குள் காணாமல் போய்விடும். ஒரு வாரம் கழித்து ஆயிரக்கணக்கில் பெருகி ரத்தத்துக்குள் வெடித்து வரும்போதுதான் சண்டையே தொடங்குகிறது. இயற்கை எதிர்ப்பு பெரும்பாலும் ரத்தத்தில் நடக்கும் அந்தச் சண்டையில் சம்பாதித்தது. ஊசி பிடிப்பதோ ஈரலுக்குப் போகும் வழியில், இயற்கை கோட்டைவிட்ட இடத்தில். கிருமியின் மேலுறைப் புரதத்தில் ஒரு துண்டை எடுத்து மஞ்சள்காமாலை பி ஊசியின் புரதத்தோடு ஒட்டித் தைத்திருக்கிறார்கள்.

இயற்கை வழியை யாரும் தொடவில்லை என்றும் இல்லை. 1961இலேயே காம்பியாவில் கோஹன், மெக்ரிகர், கேரிங்டன் என்ற மூவர், அங்குள்ள பெரியவர்களின் ரத்தத்திலிருந்து எதிர்ப்புப் புரதத்தைப் பிரித்து, மலேரியாவில் கிடந்த பிள்ளைகளுக்கு ஏற்றியிருக்கிறார்கள், கிருமி மளமளவென்று குறைந்தது. அதாவது பெரியவரின் எதிர்ப்பை ஒரு புட்டியில் எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்க முடியும் என்று தெரிந்துவிட்டது. அதில் எந்தப் புரதம் எதைப் பிடிக்கிறது என்று தேடுவதற்குத்தான் இத்தனை வருடம். கிருமி சிவப்பணுவுக்குள் நுழைய ஆர்ஹெச்5 என்ற புரதம் அதற்குக் கட்டாயம் வேண்டும், இந்த ஒன்றை மட்டும் அதனால் அவ்வளவு எளிதில் மாற்ற முடிவதில்லை. அதை வைத்துச் செய்த ஊசி புர்கினா பாசோவில் சிறு பிள்ளைகளிடம் பாதிக்குக் கொஞ்சம் மேல் தடுத்திருக்கிறது. எதிர்ப்புப் புரதத்தையே ஆய்வகத்தில் செய்து ஏற்றுகிற வழியும் இருக்கிறது, மாலியில் பெரியவர்களுக்கு மழைக்காலத்துக்கு முன்னால் ஒரே ஒருமுறை ஏற்றியதில், அதிக அளவு கொடுத்தவர்களிடம் ஆறு மாதத்துக்கு 88 சதவீதம் தடுத்தது. எனக்கு வேண்டியது இதுதான், சீசனுக்கு ஒன்று! எப்போது வரும் சார் என்றேன், “வந்தா உங்களுக்கு முதல்ல போன் பண்றேன்” என்று சிரித்தார். கொசுவின் உடம்புக்குள் மலேரியா கிருமி இருப்பதை ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டுபிடித்தது 1897 ஆகஸ்ட் 20. முதல் ஊசிக்குப் பரிந்துரை வர அதிலிருந்து 124 வருடம் ஆகியிருக்கிறது, ஆகவே போனுக்காக நான் காத்திருக்கவில்லை.

இனி கிளினிக்கில் காசுக்கு என்ன கிடைத்தது என்று பார்ப்போம். கன்சல்டேஷன் ஐந்நூறு ரூபாய். எந்த நாடு, எந்த ஊர், எந்த மாதம், எத்தனை நாள், இரவில் வெளியே வேலை உண்டா, தங்குமிடத்தில் ஏசியா ஃபேனா, வலிப்பு உண்டா, மனக் கஷ்டத்துக்கு எப்போதாவது மாத்திரை சாப்பிட்டதுண்டா என்று தோண்டித் தோண்டிக் கேட்டார். கடைசிக் கேள்வி எதற்கு என்று பிறகுதான் புரிந்தது. ஆறு வாரத்துக்கு மேல் தங்கினால் நம் நாட்டு வழிகாட்டுதல்படி மெஃப்ளோகுயின், வாரம் ஒன்று, ஆனால் அது சிலருக்கு மண்டையைக் கலக்கும். அதனால் கிளம்புவதற்குச் சில வாரம் முன்னாலேயே இங்கே ஆரம்பித்துப் பார்க்கச் சொன்னார். நல்லவேளை. முதல் மாத்திரையிலேயே ராத்திரி முழுக்கக் கனவு, மூட்டை சரிந்து விழுகிறது, எழுந்தால் வேர்வை. இரண்டாவதும் அப்படியே. போய்ச் சொன்னதும் ஒரு வார்த்தை மறுக்காமல் டாக்ஸிசைக்ளினுக்கு மாற்றிவிட்டார், மறு வருகைக்குப் பைசா வாங்கவில்லை. அது தினசரி மாத்திரை, சாப்பாட்டோடு போட வேண்டும், போட்டதும் படுக்கக் கூடாது, வெயிலில் தோல் சீக்கிரம் கருகும். அண்டி காயப்போடுகிற களத்தில் நிற்கிறவனுக்கு இது சின்ன விஷயமில்லை, முழுக்கைச் சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு நின்றேன். ஊர் திரும்பியும் நாலு வாரம் விடாமல் சாப்பிட வேண்டும், நம் ஆட்கள் விமானம் இறங்கியதும் நிறுத்திவிடுவது இங்கேதான். உங்களுக்கு எது சரி என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், என் மாத்திரையைப் பார்த்து நீங்கள் வாங்காதீர்கள்.

உள் அறையில் பழைய மைக்ராஸ்கோப் ஒன்று இருக்கிறது. அண்ணாச்சியைக் கூட்டிப்போன அன்று, சொல்லிக்கொடுக்க வைத்திருக்கும் ஒரு ஸ்லைடை எடுத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, எங்கள் இருவரையும் குனிந்து பார்க்கச் சொன்னார். வெளிறிய சிவப்பணுக்கள் வட்டம் வட்டமாக, சிலதுக்குள் மட்டும் நூல் பிடித்த மாதிரி மெல்லிய ஊதா வளையம், வளையத்தின் ஒரு முனையில் சின்னச் சிவப்புப் புள்ளி. ஒரே அணுவுக்குள் இரண்டு வளையம் இருந்த இடமும் இருந்தது. ஓரத்தில் வளைந்த பிறை வடிவத்தில் ஒன்று, அதைத்தான் கொசு உறிஞ்சிக்கொண்டு போய் அடுத்தவருக்குக் கொடுக்குமாம். அண்ணாச்சி கண்ணை எடுக்கவே இல்லை. மாத்திரை பற்றி ஆயிரம் பேச்சு பேசியும் அசையாதவர், அந்த வளையங்களைப் பார்த்துவிட்டு “எளவு, இதா உள்ளே ஓடுது” என்றார்.

அங்கேயே மருந்து ஊறிய கொசுவலையும் விற்கிறார்கள். சாதாரண வலையைவிட விலை கூடுதல்தான், ஆனால் 20 முறை துவைத்தாலும் மருந்து நிற்கும் வகை, மூன்று வருடம் வரும். புதிதில் பிரித்து ஒருநாள் நிழலில் காற்றாட விட்டுக் கட்டுங்கள், இல்லாவிட்டால் முகம் எரியும். நாலு மூலை கட்டும் வலையை வாங்காமல் ஒற்றைக் கொக்கியில் தொங்கும் வலையைக் கேட்டு வாங்குங்கள், அங்குள்ள லாட்ஜ் அறைகளில் நாலு ஆணிக்கு எங்கே போவது?

எனக்கு மிகவும் பிடித்தது, மணிபர்சில் வைக்க ஒரு சின்ன அட்டை தருகிறார்கள். இவர் ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பியவர், காய்ச்சல் என்றால் அன்றே மலேரியாவுக்கு ரத்தம் பாருங்கள் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்தது. கேலியாகத் தெரியும், ஆனால் நம் மாவட்டத்தில் காய்ச்சல் என்று போனால் டெங்குவும் எலிக்காய்ச்சலும்தான் முதலில் நினைவுக்கு வரும், மலேரியா இங்கே அவ்வளவு அபூர்வம். எங்கள் கூட்டத்தில் ஒரு தம்பி திரும்பி வந்த கையோடு காய்ச்சலில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போக, டெங்கு மட்டும் பார்த்துவிட்டு இல்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வெளிநாடு போனீர்களா என்று யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. மறுபடி போனபோது கண் மஞ்சளாகியிருந்தது. பிழைத்துவிட்டான், ஆனால் ஃபால்சிபாரத்தில் ஒருநாள் தாமதமும் பெரிய தாமதம். வந்து மூன்று மாதத்துக்குள் எந்தக் காய்ச்சலானாலும் போன இடத்தைச் சொல்லுங்கள், வைவாக்ஸ் என்றால் ஈரலில் தூங்கிக் கிடந்து ஒரு வருடம் கழித்துக்கூட எழும்பும்.

குறைக்கு வருகிறேன். ஸ்டார் ஒன்றைக் குறைத்தது வரவேற்பு மேஜைக்காக. போனில் மலேரியா ஊசி இருக்கிறதா என்று கேட்டால் “எல்லா ஊசியும் இருக்கு, வாங்க” என்கிறார்கள். அவர்கள் மனதில் இருப்பது டைஃபாய்டும் மஞ்சள்காமாலை ஏ-யும், கேட்பவர் நம்புவது வேறு. குழித்துறையிலிருந்து பஸ் ஏறி வந்து இல்லை என்று கேட்டால் யாருக்கும் கோபம் வரத்தான் செய்யும். சுவரில் மலேரியா ஊசி பற்றித் தொங்கும் சார்ட்டும் பழசு, இன்னும் சோதனையில்தான் இருக்கிறது என்கிறது. எழுதிக்கொடுத்த மெஃப்ளோகுயின் அவர்கள் மருந்துக்கடையிலேயே இல்லை, வெளியே ஏறி இறங்கி, கடைசியில் ஒரு கடைக்காரர் திருவனந்தபுரத்திலிருந்து வரவழைத்துக் கொடுத்தார், இரண்டு நாள் போனது. காத்திருக்கும் இடத்தில் ஃபேன் ஒன்றுதான், அதற்கும் அடியில் ஒரே ஒரு பெஞ்ச்.

மஞ்சள் காய்ச்சல் ஊசியை இங்கே கேட்காதீர்கள், அதை அரசு அங்கீகரித்த மையங்களில்தான் போட முடியும், நான் போட்டது சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில். போட்டு பத்து நாள் கழிந்தால்தான் ஊசி போட்டதற்குச் சான்றாகத் தரும் அந்த மஞ்சள் கார்டு செல்லும், அதன்பின் ஆயுளுக்கும் போதும். கிளினிக்குக்கு டிக்கெட் போட்ட உடனேயே போய்விடுங்கள், கிளம்புகிற வாரத்தில் போனால் டாக்டர் திட்டுவார். மாலையில்தான் பார்க்கிறார், போனில் டோக்கன் கிடையாது, நேரில் போய்ப் பெயர் எழுத வேண்டும், இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை. பாஸ்போர்ட் நகலும் ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டும் எடுத்துப் போங்கள். ஜிபே எடுக்கிறார்கள்.